கடைசி வண்டிக்குப் பிறகு

நியூ ஜெர்சியில் நடக்காமல் போன
மைத்துனன் கல்யாணத்தின் மிச்சமாக
எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டிலும்
திறக்காத ஊறுகாய்ப் புட்டி மாதிரி
ஓர் அமெரிக்க விசா இருக்கிறது.
அதைக் காட்டினால் மெக்சிகோ உள்ளே விடும் என்று
சயான் ஏஜென்ட் கோமஸ் சொன்ன ராத்திரி
பெனினா அட்லசை விரித்தாள்.
மகளின் ஏழாம் வகுப்பு அட்லஸ்.
பசிபிக் நடுவே காம்பஸ் குத்திய ஓட்டை.

வேண்டியது ஒன்றுதான்,
சத்தமில்லாத கடற்கரைக் கிராமம்.

சுனாபட்டியில்
ஹார்பர் லைனுக்கு முப்பதடி தள்ளி எங்கள் ஜன்னல்.
பத்தொன்பது வருஷமாக
வண்டி வந்தால் பேச்சை நிறுத்துகிறோம்.
உப்பு கேட்டால்
'உ' வண்டிக்கு முன்னால்,
'ப்பு' கார்டு பெட்டி போன பின்னால்.
விருந்துக்கு வந்தவர்கள்
எங்களுக்குள் சண்டை என்று நினைத்துப்
பாதியில் கை கழுவியதும் உண்டு.

கான்குன் முதலிலேயே கழிந்தது.
"லிஃப்ட் வச்ச கடல் எதுக்கு?" என்றாள்.
அடுத்தது படகில் மட்டுமே போகக்கூடிய ஊர்.
எலிஃபென்டா போய்வந்து
இரண்டு நாள் படுத்துக் கிடந்தவன் நான்.
அதைப் பென்சிலால் அடித்தாள், தாள் கிழிய.
சிபோலிதேயில் நல்ல மணல்,
உடுப்பு மட்டும் கட்டாயமில்லையாம்.
பெனினா அதை இரண்டு தரம் வாசித்தாள்.
இரண்டாம் தரம் கொஞ்சம் மெதுவாக.

பக்கத்திலேயே மசுன்தே.
ஒரு காலத்தில் ஆமைகளை அறுத்த ஊர்,
இப்போது ஆமைகளைக் காக்கிறது.
"தப்புன்னு தெரிஞ்சு நிறுத்தியிருக்காங்க" என்றாள்,
அந்த ஊரே பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

"ரயில் இருக்கா?"
"கிடையாது."
"மைக்செட்டு?"
"இருக்காதுன்னுதான் நினைக்கேன்."
"அப்போ நாம பேசிக்கிட்டே இருக்கணுமா?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறக்கையில்
பன்வேல் வண்டி வந்தது.
ஒழுங்காக மூடிக்கொண்டோம்.

அந்தப் பதினொரு விநாடிக்குள்
எனக்கு வடாலா ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.
வேலை போன மாதம்
ஆறு நாள் டிபன் டப்பாவோடு
அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு
ஆறரைக்கு வீடு திரும்பினேன்.
அவளிடம் மூன்று தரம் சொல்லத் தொடங்கினேன்.
மூன்று தரமும் வண்டி.
நேரம் பார்த்தே தொடங்கியிருப்பேன் போல.
அவளும் எதையாவது ஏற்றிவிட்டிருப்பாள்,
இறங்க ஆளில்லாமல்
அது கார்ஷெட் வரை போயிருக்கும்.

கடைசி வண்டி போய்விட்டால்
விடியற்காலை நாலு வரை லைன் சும்மா கிடக்கும்.
பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த இரவுகள் தவிர
நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி
ஒத்திகை பாப்போமா?" என்றாள் பெனினா.

உட்கார்ந்திருந்தோம்.
மேசையில் அட்லஸ், இரண்டு டம்ளர், ரப்பர்.
மேல்வீட்டில் யாரோ இருமி முடித்தார்கள்.
பிறகு அதுவும் இல்லை.

"ஃபேன் அஞ்சுல சுத்துறது எனக்குப் பிடிக்கல."

"எப்பலேருந்து?"

"வந்த நாள்லேருந்து."

காதுவரை போர்த்திக்கொண்டு படுப்பாள்.
நான் அதை
அவள் ஊர்ப் பழக்கம் என்று வைத்திருந்தேன்.

எழுந்து மூன்றில் வைத்தேன்.
பழைய ரெகுலேட்டர், நாலில் ஒரு பொறி தட்டியது.
இறக்கைகள் தளரத் தளர
எதிர்வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது,
அப்புறம் பெனினா மூச்சு விடுவது.

"உங்க முறை" என்றாள்.

பசிபிக் ஓட்டையில் விரலை வைத்தேன்.
மறுபக்கம் ஏதோ ஒரு நாட்டின் மழையளவு.
கடிகாரத்தைப் பார்த்தேன்,
எந்த வண்டியும் வருவதாக இல்லை.

வடாலாவில் மூணாம் பெஞ்சுக்கு எதிரே
ஒரு பூவரச மரம் நிற்கும், தெரியுமா,
என்று ஆரம்பித்தேன்.